நினெத்தா கைபட்ட பிள்ளைகள்

நேப்பிள்ஸில் எங்கள் ஸ்பானியச் சந்துகளில் ஒரு பிள்ளை பிறந்தால், ஞானஸ்நானத்துக்கு முன்னால் அது நினெத்தாவின் கைக்குப் போயாக வேண்டும். பாதிரியார் காத்திருப்பார். நினெத்தா காத்திருக்கமாட்டாள். "இன்னும் கொண்டு வரலையா? பிள்ளையைப் பெத்தாளா, புதையலைப் பெத்தாளா? இப்படி ஒளிச்சு வெச்சிருக்கா!" என்று இஸ்திரிப் பெட்டியை ணங்கென்று வைத்துவிட்டுத் தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள். மறுநாள் காலையில் தாய்க்காரி பிள்ளையோடு வாசலில் நிற்பாள்.

ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்கிறவர்களை எங்கள் சந்தில் ஃபெம்மெனெல்லா என்போம். அது வசையும் இல்லை, பட்டமும் இல்லை. மீன்காரி, தையற்காரி என்பது போல ஒரு பெயர், அவ்வளவுதான். அவர்கள் கைபட்ட பிள்ளை நன்றாக இருக்கும் என்பது நம்பிக்கை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை; கேட்டால் நாலாம் மாடி அஸ்ஸுந்தா செருப்பைத் தூக்குவாள். அதிலும் நினெத்தாவின் கை ராசியான கை. அவள் தூக்கி எந்தப் பிள்ளையும் அழுததில்லை என்று பெருமையடிப்பார்கள். அது பொய். ஒன்றிரண்டு அழுதிருக்கின்றன. ஒன்று அவள் மடியையே நனைத்தது. இப்போது அது போக்குவரத்துப் போலீஸ்காரன். சந்துக்குள் வந்து அவன் விசிலை ஊதினால், "டேய், என் புதுப் பாவாடையில மூத்திரம் பேஞ்ச பயதானே நீ? என்கிட்டயே விசிலா?" என்பாள். பாவம், விசிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவான்.

இந்தக் கதை நடந்தபோது அவளுக்கு அறுபத்தொரு வயது. ஆறடி உயரம், செம்பட்டை அடித்த தலைமுடி, காதில் தங்க வளையம், விறகு பிளக்கிற கை. அந்தக் கையால்தான் கல்யாண உடுப்புகளுக்கு இஸ்திரி போட்டுப் பிழைத்தாள். தரைத்தளத்தில் ஒரே அறை. கதவைத் திறந்தால் தெரு. சன்னமான சரிகைப் பின்னலில் ஒரு சுருக்கம் இல்லாமல் அவள் தேய்த்துத் தருவதைப் பார்க்க வேண்டுமே! எண்பதாம் வருஷத்து நிலநடுக்கத்தில் நாங்கள் எல்லாம் உயிர் பிழைத்தால் போதும் என்று தெருவுக்கு ஓடினோம். நினெத்தா மட்டும் எதிர்த்திசையில் ஓடினாள். நடக்க முடியாமல் கிடந்த அஸ்ஸுந்தாவின் மாமியாரை நாலு மாடி தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினாள். அதுவும் குதிகால் செருப்போடு. "செருப்பைக் கழட்டிட்டுப் போகக் கூடாதா?" என்று கேட்டதற்கு, "ஏன், செத்தா வெறுங்காலோட கிடக்கணுமா?" என்றாள். அப்படிப்பட்ட பெண் அவள். எனக்கு அவள் மேல் மரியாதை என்றால் சாதாரண மரியாதை இல்லை.

இஸ்திரி வயிற்றுக்கு. தோம்போலா என்கிற எண் ஆட்டம்தான் அவளுக்கு உயிர். எங்களுக்கு ஒன்றிலிருந்து தொண்ணூறு வரை ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் அர்த்தம் உண்டு. கூடையைக் குலுக்கி எண்ணை எடுப்பவள் அந்த அர்த்தத்தைச் சொல்லி அழைப்பாள். ஆடுகிறவர்கள் தங்கள் அட்டையில் அவரைக்கொட்டையை வைப்பார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது வெறும் சூதாட்டம். நினெத்தா அழைத்தால் நாடகம். வருகிற எண்களை ஒன்றோடொன்று முடிந்து அந்த இடத்திலேயே ஒரு கதை கட்டிவிடுவாள்.

"எழுபத்தொண்ணு! உருப்படாத ஆம்பளை! அடியே, எல்லாரும் ஏன் அஸ்ஸுந்தா புருஷனையே பாக்கறீங்க? இருபத்தொண்ணு! அம்மணப் பொம்பளை! ராத்திரி அவன் எங்க போனான்னு இப்பத் தெரிஞ்சுதா? நாப்பத்திமூணு! பால்கனிப் பொம்பளை! போச்சு, எதிர்வீட்டுக்காரி பாத்துட்டா! முப்பத்தெட்டு! அடி உதை! போடு, இன்னும் ரெண்டு சேத்துப் போடு!"

முதலில் இதெல்லாம் அவள் அறையில் நடந்தது. இடம் போதாமல் போனதும் சதுக்கத்தில் இருக்கும் பியாவின் மதுக்கடைக்கு மாறியது, வியாழக்கிழமை மாலைகளில். பியாவும் அவள் கட்டிக்கொண்ட பெண்ணும் நடத்துகிற கடை அது. பையன்களைக் காதலிக்கிற பையன்கள், பெண்களைக் காதலிக்கிற பெண்கள், மீசையோடு பாவாடை கட்டியவர்கள், வழி தவறி வந்து வழியை மறந்துபோன வெளிநாட்டுக்காரர்கள் என்று அந்தக் கடை வழியும். அங்கே போனதும் ஒரு சிக்கல். ஃபெம்மெனெல்லா நடத்தும் தோம்போலாவில் பெண்கள்தான் உட்காரலாம். ஆண்கள் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். அதுதான் வழக்கம். இங்கேயோ பாதிப் பேர் ஆண்கள். எல்லாரும் நினெத்தாவின் வாயையே பார்த்தார்கள்.

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "எல்லாரும் உக்காருங்க. 'நான் ஆம்பளைடா'ன்னு நெஞ்ச நிமித்தறவன் மட்டும் வெளிய நில்லு. உள்ள காத்து பத்தாது" என்றாள்.

கடையே கூரை பெயரச் சிரித்தது. மூன்று வாரம் வெளியே விறைத்துக்கொண்டு நின்ற ஒரு மீன்காரன், நாலாவது வாரம் உள்ளே எட்டிப் பார்த்து, "அத்தை, நான் அப்படியொண்ணும் பெரிய ஆம்பளை இல்ல, ஒரு நாற்காலி குடுங்க" என்றான். ஆமாம், அங்கே எல்லாருக்கும் அவள் அத்தைதான். வீட்டில் துரத்தப்பட்டு வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் அவளுடைய மடக்குக் கட்டிலில் படுத்திருக்கிறார்கள். யாரிடமும் ஏன் என்று கேட்கமாட்டாள். சூப்பைக் காய்ச்சி, "தின்னு, அழுகை எங்கயும் ஓடிப்போகாது" என்பாள்.

கூடையிலிருந்து நாற்பத்தெட்டு வந்தால் மட்டும் கடையில் ஒரு கூத்து நடக்கும். நாற்பத்தெட்டு என்றால் பேசும் பிணம். சந்துக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து நினெத்தாவுக்குத் தலை வணங்குவார்கள். அவளும் ராணி மாதிரி கையசைப்பாள். ஏனென்றால் நினெத்தா செத்துப்போனவள். அதுவும் முறைப்படி, வருஷாவருஷம் பூசையோடு.

அவளுக்கு அனியெல்லோ என்று ஒரு தம்பி, நாலு வயது இளையவன். அவளை ஒட்டிக்கொண்டே வளர்ந்தவன். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் மலைமேல் இருக்கிற வோமெரோவில், ஒரு விளக்குக்கடைக்காரர் மகளைக் கட்டினான். நல்ல பசையுள்ள இடம். அண்ணன் ஒருவன் உண்டே, எங்கே என்று அவர்கள் கேட்டபோது, கப்பலில் போனான், கடலில் செத்துவிட்டான் என்று சொல்லிவிட்டான். கல்யாணப் பத்திரிகை வரவில்லை. செய்திதான் வந்தது.

"கடல்லயா சாகடிச்சான்?" என்றாள் நினெத்தா. "பரவால்லயே, எனக்கு நீந்தத் தெரியாதுங்கறதை ஞாபகம் வெச்சிருக்கான்." அன்று முழுவதும் சிரித்தபடி தேய்த்தாள். ராத்திரி அஸ்ஸுந்தா போய்ப் பார்த்தபோது, எரியாத அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாளாம்.

பொய் சொன்னவன் அதோடு நிறுத்தினானா? மாமனார் வீட்டில் பக்தி அதிகம். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் மலைமேல் கோவிலில் லிபோரியோவின் ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை வைக்க வேண்டியதாகிவிட்டது. லிபோரியோ என்பது நினெத்தாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர். பதினேழு வயதில் அதை உதறினாள். சந்தில் யாரும் அதை உச்சரிப்பதில்லை, அவள் வாயிலும் அது வந்ததில்லை. ஒரு வருஷம் அவளே கறுப்பு முக்காடு போட்டுக்கொண்டு மலையேறி, தன்னுடைய பூசைக்குத் தானே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டோம். "பூ கம்மி, கஞ்சப்பய. ஆனா பாட்டு நல்லா இருந்துச்சு. நானே அழுதுட்டேன்" என்றாள்.

அவள் வேறெதற்கும் குறைப்பட்டதில்லை. ஒன்றே ஒன்று. அனியெல்லோவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன, இரண்டும் கீழே வரவில்லை. ஒருமுறை, ஒரே ஒருமுறை, அஸ்ஸுந்தாவிடம் சொன்னாள்: "ஊர்ப் பிள்ளை எல்லாம் என் கைக்கு வந்துச்சு. என் வீட்டுப் பிள்ளை ஒண்ணு வரல. ஒண்ணே ஒண்ணைத் தூக்கிட்டா போதும்டி, அப்புறம் நிஜமாவே செத்துப்போறேன்."

அந்த வருஷம் செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, கூட வேலை செய்கிறவர்களோடு ஒரு பெண் பியாவின் கடைக்கு வந்தாள். நிறைமாதம். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளித்தான் உட்கார முடிந்தது. ஆரஞ்சுச் சாறு குடித்துக்கொண்டு, நினெத்தாவின் கதைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடைசியில் அவள்தான் ஜெயித்தாள். ஜெயித்தவளை நாங்கள் சும்மா விடமாட்டோம், வம்சத்தையே விசாரிப்போம்.

"யார் வீட்டுப் பொண்ணும்மா நீ?" என்றாள் நினெத்தா.

"வோமெரோ, அத்தை. விளக்குக்கடை அனியெல்லோ மகள். நுன்சியா."

நினெத்தா அவள் முகத்தையே பார்த்தாள். அதே நீளமான மூக்கு, நுனியில் லேசாக வளைந்தது. பிறகு குனிந்து அடுத்த ஆட்டத்துக்குக் கூடையைக் குலுக்கி ஓர் எண்ணை எடுத்து, "பதினாறு" என்றாள். வெறும் பதினாறு. அர்த்தம் இல்லை, கதை இல்லை. நாற்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து மொட்டையாக ஓர் எண் வந்து யாரும் கேட்டதில்லை.

கிளம்பும்போது நுன்சியா அவளிடம் வந்தாள். "அத்தை, உங்க கைல குடுத்தா பிள்ளைக்கு நல்லதுன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. பிறந்ததும் கொண்டு வரட்டுமா?"

"கொண்டு வாம்மா" என்றாள் நினெத்தா.

நுன்சியா வெளியே போனதும் அஸ்ஸுந்தா பாய்ந்தாள். "வாயில கொழுக்கட்டையா? ஏன்டி சொல்லல? 'நான்தான்டி உன் அத்தை'ன்னு சொல்ல வேண்டியதுதானே!"

"சொன்னா? அப்பன் வீட்டுல போய்க் கேப்பா. அவன் இல்லன்னு சாதிப்பான். அப்புறம் பிள்ளை இங்க வருமா?"

"வராட்டிப் போகுது!"

"உனக்கு ஏழு பேரப்பிள்ளை. நீ பேசுவ."



பிறகு ஐந்து வாரம். ஆணா பெண்ணா, பிறந்ததா இல்லையா, ஒரு தகவலும் இல்லை. நினெத்தா வாசலைப் பார்த்துக்கொண்டே தேய்த்து, ஒரு கல்யாண உடுப்பின் கையைக் கருக்கிவிட்டாள். அவள் தொழிலில் அப்படி நடந்ததே இல்லை. ராவோடு ராவாகப் புதுத்துணி வைத்துத் தைத்துக் கொடுத்தாள். மணப்பெண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் எங்களுக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அக்டோபர் கடைசி ஞாயிறு, பதினோரு மணிப் பூசை முடிந்த நேரம். படிக்கட்டுச் சந்தின் வளைவில் முதலில் தெரிந்தவள் நுன்சியா, நெஞ்சோடு அணைத்த வெள்ளைப் போர்வையோடு. பின்னால், பிள்ளை வண்டியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க அனியெல்லோ இறங்கிவந்தான். மருமகனுக்கு அன்று வேலை, இவனை இழுத்துவந்திருக்கிறாள். யாரோ ஒரு ஃபெம்மெனெல்லா வீடு என்று மட்டும்தான் சொன்னாளாம். நான் கேட்கிறேன், பிறந்து வளர்ந்த சந்து அவனுக்குத் தெரியாதா? வளைவு திரும்பியதுமே அவன் முகம் வெளுத்தது. வண்டியைப் பழக்கடைக்காரரிடம் விட்டுவிட்டு நழுவியிருக்கலாம். நழுவவில்லை. அந்த ஒன்றுக்காக அவனைப் பாதி மன்னிக்கலாம் என்பது என் கட்சி. அஸ்ஸுந்தா கால்வாசிகூடத் தரமாட்டேன் என்பாள்.

அறைக்குள் சந்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அடைந்துவிட்டார்கள். பிள்ளை கைமாறும்போது ஆண்கள் உள்ளே வரக் கூடாது. அனியெல்லோ வாசலிலேயே நின்றான். நல்ல கோட்டு, கொஞ்சம் தொப்பை, ஐம்பத்தேழு வயது. அவனும் அக்காளைப் பார்க்கவில்லை, அவளும் அவனைப் பார்க்கவில்லை. இருவரும் பிள்ளையைத்தான் பார்த்தார்கள்.

நினெத்தா பிள்ளையை வாங்கினாள். நெற்றியை முகர்ந்தாள். போர்வையை விலக்கி விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். தூக்கியாகிவிட்டது. முப்பத்தைந்து வருஷம் ஏங்கியது கைக்கு வந்துவிட்டது. அவள் முகம் இருந்த இருப்பைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இனி ஒரு சடங்கு பாக்கி. பிள்ளையின் பெயரை அதன் காதில் மூன்று தடவை சொல்வது நினெத்தாவின் வழக்கம். இரண்டோடு நின்றால் ஆகாது என்று சந்துப் பெண்கள் சொல்வார்கள்.

"பேர் என்னம்மா?"

"லிபோரியோ" என்றாள் நுன்சியா சிரித்துக்கொண்டே. "எங்க பெரியப்பா பேர், கடல்ல போயிட்டவர். மாமியார் தன் புருஷன் பேரைத்தான் வெக்கணும்னு குதிச்சாங்க. நான் விடல. வருஷாவருஷம் பூசையில அப்பா அப்படி அழுவார், அத்தை. அந்தப் பேர் வீட்டுக்குள்ள திரும்பி வந்தா அழமாட்டார்னு நெனச்சேன்."

அஸ்ஸுந்தா வாயைத் திறந்தாள். நினெத்தா பார்த்த பார்வையில் மூடினாள். சந்தின் மானம் அத்தனையும் அந்தப் பார்வையில் இருந்தது. இந்தப் பெண்ணை இவ்வளவு பேர் நடுவில் தலைகுனிய வைக்காதே என்றது அது.

நினெத்தா பிள்ளையின் காதருகே குனிந்தாள். "லிபோரியோ" என்றாள். நாற்பத்துநாலு வருஷமாக அவள் தொடாத பெயர். கொஞ்சம் நிறுத்தி, "லிபோரியோ" என்றாள் மறுபடியும். மூன்றாவது வரவில்லை. உதடு அசைந்தது, குரல் இல்லை. இன்னொருமுறை முயன்றாள். கண்ணீர்தான் பொலபொலவென்று போர்வையில் விழுந்தது.

நுன்சியாவுக்குப் பயம் வந்துவிட்டது. "என்ன ஆச்சு அத்தை? பிள்ளைக்கு ஏதாவது கெட்டதா? சொல்லுங்க!"

"ஒண்ணும் இல்லம்மா. தொண்டை கட்டிக்கிச்சு. வயசாச்சு இல்ல" என்றாள் நினெத்தா. அப்போதும் சொல்லவில்லை. அப்போதும் தம்பியைக் காப்பாற்றினாள். எனக்கு இதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

"நுன்சியா" என்று வாசலிலிருந்து ஒரு குரல். அனியெல்லோ நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "செத்தவங்க பேருன்னுதானே அதை வெச்ச. அவ சாகலம்மா."

"யாருப்பா?"

"பெரியப்பான்னு சொன்னது பொய். அது அத்தை. எங்க அக்கா. உன் பிள்ளையைக் கைல வெச்சிருக்காளே, அவதான்."

நுன்சியா அப்பாவைப் பார்த்தாள். நினெத்தாவைப் பார்த்தாள். அந்த மூக்கை அவள் இப்போதுதான் பார்த்திருக்க வேண்டும். "வருஷாவருஷம் எங்களை முட்டிபோட வெச்சீங்களே, அப்பா!" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குத் தேவலாம் போலிருந்தது. அங்கேயே படியில் உட்கார்ந்து கோட்டுக் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

நினெத்தா சட்டென்று இரண்டு கையையும் நீட்டினாள், பிள்ளையோடு. "இந்தாம்மா. வாங்கிக்கோ. நீ கூட்டிட்டுப் போனாலும் நான் ஒண்ணும் நெனச்சுக்கமாட்டேன். தூக்கிட்டேன், எனக்கு அது போதும்."

நுன்சியா கையை நீட்டவில்லை. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னும் ஓரடி கிட்டே வந்தாள். "பாதியில குடுக்கறீங்களே அத்தை, இன்னும் ஒருதரம் பாக்கி இருக்கு. உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேற பேர் வெச்சுடறேன். என்ன பேர், நீங்களே சொல்லுங்க."

நினெத்தா பிள்ளையைத் திரும்ப நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சினாள்.

"எதுக்கு வேற பேர்? பேர்ல ஒரு குறையும் இல்ல. எனக்குத்தான் சேரல" என்றாள். "இவனுக்குச் சேரும்."

பிறகு குனிந்து, பிள்ளையின் காதில், படியில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்கும்படி, மூன்றாவது தடவை அந்தப் பெயரைச் சொன்னாள்.